சுடுதண்ணிக்கு முன் ஏர்த்தைப் பாருங்கள்

திருகோணமலையில் சுடுதண்ணிக் குளிப்பா என்று வெளியூரார் கேட்பதுண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கேட்டால் அது நியாயமான கேள்விதான். கூரைமேல் கறுப்பு டாங்கில் நிற்கும் தண்ணீர் பின்னேரம் குழாயைத் திறந்தால் கையைச் சுடும். வாடை திரும்பி மழை பிடித்துவிட்டால் கதை வேறு. இலங்கைத்துறை முகத்துவாரத்தில் விடியப்புறம் நனைந்தபடி கரையேறும் மீனவர், மூதூரிலும் கிண்ணியாவிலும் சுபஹ் தொழுகைக்கு வுளுச் செய்ய எழும்பும் முதியவர், பிள்ளை பெற்றுப் பத்து நாளான தாய், அந்தப் பச்சைக் குழந்தை. இவர்களுக்குச் சூடான தண்ணீர் சொகுசு இல்லை, தேவை.

அந்தத் தேவையை இதுவரை தீர்த்தது அடுப்பு. நொச்சியும் வேப்பிலையும் போட்டுப் பெரிய பானையில் அவித்த தண்ணீரில்தான் பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டுவார்கள், வேது பிடிப்பார்கள். விறகு தேடுவதும் புகை குடிப்பதும் கொதிக்கும் பானையைத் தூக்குவதும் வீட்டுப் பெண்களின் வேலையாகவே இருந்தது. 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்று, மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டையும் கண்ட பிறகு பல வீடுகள் மறுபடி விறகுக்கே திரும்பின. இப்போது மின்சாரம் ஒழுங்காக வருகிறது. நகரத்துக் கடைகளில் சுவரில் பூட்டும் ஹீட்டர் முதல் வாளிக்குள் போடும் கொயில் வரை எல்லாம் கிடைக்கின்றன. மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறான், அம்மாவுக்கு மூட்டு வலி, ஹீட்டர் ஒன்று பூட்டுவோம் என்று முடிவாகிறது. நல்ல முடிவு. அடுப்படியிலிருந்து ஒரு சுமை இறங்குகிறது.

ஆனால் ஹீட்டர் வாங்கும் குடும்பம் கடையில் கேட்பது விலை, நிறம், எத்தனை வருட உத்தரவாதம் என்பவற்றை. அது போய்ச் சேரப்போகும் வயரிங்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம்முடைய கரையோரத்தில் ஆபத்து இருப்பதோ ஹீட்டருக்குள் அல்ல, அதற்குப் பின்னால்.

நம் வீடுகள் எப்படி எழும்பின என்பதை நினைத்துப் பாருங்கள். 2004இல் சுனாமி. 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை, அதோடு மூதூர் கிழக்கும் ஈச்சிலம்பற்றும் வெருகலும் மொத்தமாக இடம்பெயர்ந்தன. திரும்பி வந்த சனம் கிடைத்த உதவியில் கட்டம் கட்டமாக வீடு கட்டியது. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கப்பட்ட ஐந்தரை லட்சம் ரூபா, 550 சதுர அடிக்குச் சுவரையும் கூரையையும் எழுப்பவே இழுபறிப்பட்டது. கரண்ட் பின்னால் வந்தது. இரண்டு மூன்று பல்ப், ஒரு மின்விசிறி, தொலைக்காட்சிக்கு ஒரு பிளக் பேஸ் என்ற கணக்கில் வயர் இழுக்கப்பட்டது. இணைப்புக் கொடுக்கும்போது வயரிங் பரிசோதனை அறிக்கை கேட்கப்படும். அத்தோடு சரி. பத்து வருடம் கழித்து அதே வயரில் 3,500 வாட் ஹீட்டர் ஏறும்போது வந்து பார்க்க யாரும் இல்லை.

3.5 கிலோவாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 15 அம்பியருக்குச் சற்று மேல் வரும். சுவரிலிருக்கும் சதுர முனைப் பிளக் 13 அம்பியருக்கானது. அதற்குள் இருக்கும் பியூஸ் 15 அம்பியருக்கெல்லாம் உடனே போய்விடாது, நெடுநேரம் தாக்குப்பிடித்துக்கொண்டு சூடாகும். இரண்டு மாதம் இப்படி ஓடிய பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். ஒரு முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் தேயிலைச் சாயம் போலப் பழுத்திருக்கும், முனை கறுத்திருக்கும், கிட்ட மணந்தால் கருகல் வாசம் அடிக்கும். பழைய உருண்டை முனை பேஸில் மாற்றி ஒன்றைச் செருகி அதன்மேல் பிளக்கைக் குத்திய வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். இந்த ஹீட்டருக்குப் பிளக்கே ஆகாது. மெயின் பெட்டியிலிருந்து அதற்கென்று தனி வயர் வரவேண்டும், அந்த வயருக்கு 20 அம்பியர் எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச், வேண்டும். வயரின் தடிப்பு 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, பெட்டியிலிருந்து குளியலறை தூரமென்றால் 4 நல்லது. இரண்டு கம்பியையும் ஒரே தட்டில் துண்டிக்கிற இரட்டை முனைச் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.

இதெல்லாம் தீயைத் தடுக்கும். உயிரைக் காப்பது வேறு இரண்டு: ஏர்த்தும் ட்ரிப் சுவிட்சும். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஹீட்டருக்குள் தண்ணீரைச் சுடவைக்கும் கம்பி ஓர் உலோகக் குழாய்க்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் கரண்ட் கடத்தாத வெள்ளைத் தூள். கரையோரக் கிணற்றுத் தண்ணீரின் உவர் அந்தக் குழாயை மெல்ல மெல்ல அரிக்கிறது. ஊசித் துளை ஒன்று விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே புகுந்து உயிர்க் கம்பியைத் தொடும். அந்த நிமிடத்திலிருந்து ஹீட்டரின் உலோக உடம்புக்கும் கொட்டுகிற தண்ணீருக்கும் கரண்ட் வரலாம். ஹீட்டர் வழக்கம்போலத் தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டேயிருக்கும். வெளியே அடையாளம் ஒன்றும் தெரியாது.

ஏர்த் இருக்கிறதே, எம்.சி.பி. விழுந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நம் நாட்டில் வீட்டுக்கு ஏர்த்தை மின்சாரம் வழங்குவோர் கொண்டுவந்து தருவதில்லை. மீற்றரோடு வருவது உயிர்க் கம்பியும் நியூட்ரலும் மட்டுமே. ஏர்த் என்பது வீட்டுக்காரர் தன் வளவில் அடிக்கும் கம்பி. அந்தக் கம்பி எவ்வளவு நல்லது என்பதை மண் தீர்மானிக்கிறது. ஈரக் களியில் அடித்தால் கரண்ட் இலகுவாக மண்ணில் இறங்கும். இலங்கைத்துறை, வெருகல் முகத்துவாரம், நிலாவெளி போன்ற இடங்களில் இருப்பது மணல். கச்சானில் காய்ந்த மணல் கரண்டை வாங்கவே வாங்காது. அப்படி ஓரிடத்தில் ஏர்த்தின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டர் உடம்பில் 230 வோல்ட் ஏறினால் ஏர்த் வழியே ஓடுவது 2.3 அம்பியர்தான். 20 அம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே அல்ல, நாள் முழுக்க விழாமல் நிற்கும். ஹீட்டரும் நாள் முழுக்க உயிரோடு நிற்கும்.

இங்கேதான் ட்ரிப் சுவிட்ச் வருகிறது. மின்னியலாளர் ஆர்.சி.சி.பி. என்பார்கள். உயிர்க் கம்பியில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஒவ்வொரு கணமும் சரிபார்ப்பது அதன் வேலை. ஒரு சிறு பங்கு வேறு வழியில், அதாவது மண் வழியாகவோ ஒரு மனித உடம்பு வழியாகவோ போனால், உடனே துண்டித்துவிடும். வீட்டுக்கு வேண்டியது 30 மில்லி அம்பியர் வகை, பெட்டியின் முகத்தில் 0.03 அம்பியர் என்றும் அச்சிட்டிருக்கலாம். 100 மில்லி அம்பியர் வகை தீயைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்ற அதை நம்ப முடியாது. நனைந்த உடம்பின் தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று எடுத்தால் 230 வோல்ட்டில் ஓடுவது 230 மில்லி அம்பியர். 30ஐத் தாண்டினாலே தசை இறுகி மூச்சு முட்டும், அதற்கு மேலே போகப் போக இதயம் தாளம் தப்பும். நல்ல நிலையிலுள்ள ட்ரிப் சுவிட்ச் இந்த அளவு கசிவைக் கண்டால் ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் துண்டிக்கும். உயிர் தங்குவது அந்த வேகத்தில்தான்.

ட்ரிப் சுவிட்சில் ஒரு சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்த வேண்டும், அழுத்தியதும் வீடு இருள வேண்டும். இருளாவிட்டால் அது சுவிட்ச் அல்ல, வெறும் பெட்டி. கடற்காற்று உப்புக்கு உள்ளே இருக்கும் பொறி இறுகிப்போவது நம் பக்கத்தில் புதிதில்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பொத்தானை அழுத்தி விழுந்தால் சுவிட்ச் நன்றாயிருக்கிறது என்றுதான் அர்த்தம், ஏர்த் நன்றாயிருக்கிறது என்று அர்த்தமில்லை. ஏர்த் இருந்தால் கசிவு தொடங்கியதும் ஆள் தொடுமுன்பே ட்ரிப் விழும். 100 ஓம் ஏர்த்தில்கூட 2.3 அம்பியர் ஓடுகிறதே, அது 30 மில்லி அம்பியரைவிட எத்தனையோ மடங்கு. ஏர்த் அறுந்திருந்தால் முதலில் தொடுகிறவரின் உடம்பு வழியே ஓடினால்தான் விழும். ஆகவே இரண்டும் வேண்டும்.

வீட்டின் பின்பக்கம் போய் உங்கள் ஏர்த் கம்பியைத் தேடிப் பாருங்கள். கோழிக் கூட்டுக்குப் பின்னாலோ பூச்சாடிக்கு அடியிலோ இருக்கும். கம்பியையும் வயரையும் பிடித்திருக்கும் கவ்வி பச்சை பூத்துத் தூளாகியிருக்கும், வயரை இழுத்தால் கையோடு வரும். சில வீடுகளில் வயர் இருக்கும், கம்பி இருக்காது. வேலியடைத்தபோதோ மலசலகூடம் கட்டியபோதோ யாரோ பிடுங்கியிருப்பார்கள். இன்னும் சில இடங்களில் வேலையை இலகுவாக்க நியூட்ரலையே ஏர்த் முனையில் முறுக்கிவிடுகிறார்கள். இது கொலைக்கு ஒப்பான வேலை என்று கடுமையாகவே சொல்கிறேன். வெளியே நியூட்ரல் அறுந்த நாளில் ஹீட்டரின் உடம்பு முழுவதும் உயிர்க் கம்பியாகிவிடும். தண்ணீர்க் குழாயில் ஏர்த் கட்டுவதும் பழைய பழக்கம், இப்போது குழாய்கள் பி.வி.சி., அதில் கட்டி ஒரு பயனும் இல்லை. மணல் பூமியில் கம்பியை நிலத்தடி ஈரம் தொடும்வரை ஆழமாக இறக்க வேண்டும், ஒன்று போதாவிட்டால் இடைவெளி விட்டு இரண்டாவது அடிக்க வேண்டும். குளியலறைத் தண்ணீர் வடியும் பக்கம் நல்ல இடம். அளப்பதற்குக் கருவி இருக்கிறது. வேலை செய்தவர் எத்தனை ஓம் என்று அளந்து எழுதித் தர வேண்டும், அதுவும் மழைக்காலத்தில் அல்ல, கச்சானில் அளந்து.

எந்த வகை ஹீட்டர் என்ற கேள்விக்கு வருவோம். நம் குழாய்த் தண்ணீர் ஏறத்தாழ 28 பாகையில் வருகிறது. 3.5 கிலோவாட் உடனடி ஹீட்டர், நிமிடத்துக்கு மூன்று லீற்றர் ஓடினால், அதை ஏறக்குறைய 17 பாகை உயர்த்தும். 45ஐ நெருங்கிவிடும், குளிக்க அதுவே கூடுதல். நுவரெலியாவில் இதே ஹீட்டர் போதாது. வெப்பக் கணக்கில் பார்த்தால் உடனடி ஹீட்டர் நமக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனாலும் வயரிங் சரிபார்க்காத வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆள் நனைந்தபடி கீழே நிற்கும்போதுதான் அதில் கரண்ட் ஓடுகிறது. 15 லீற்றர் சேமிப்பு ஹீட்டரில் 2 கிலோவாட் கம்பியால் தண்ணீரை 60 பாகைக்குக் கொண்டுவர இருபது நிமிடம் போதும். பிறகு வெளியேயுள்ள சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம். பச்சைத் தண்ணீர் கலந்தால் அந்த 15 லீற்றர் 40 லீற்றர் ஆகும், இரண்டு பேர் வாளியில் அள்ளிக் குளிக்கப் போதும். உடனடி ஹீட்டரே ஆகாது என்றல்ல. பிரேசிலில் ஷவரின் தலைக்குள்ளேயே கம்பி வைத்த மின் ஷவர்தான் வீட்டுக்கு வீடு. அங்கேயும் அந்த ஷவரோடு ஒரு ஏர்த் வயர் வருகிறது, அதைக் கட்டாமல் விடுகிறவர்களால்தான் அதற்குக் கெட்ட பெயர்.

சேமிப்பு ஹீட்டருக்கு வேறு ஒரு பத்தியம் உண்டு. சூடாகும் தண்ணீர் விரியும், 15 லீற்றருக்கு ஏறக்குறைய 200 மில்லிலீற்றர். அந்த அழுத்தத்தை வெளியேற்றத்தான் அடியில் ஒரு பாதுகாப்பு வால்வு. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது பழுதல்ல. சொட்டுகிறதே என்று அதை அடைத்தால், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் கைவிடும் ஒரு நாளில் டாங்க் வெடிக்கும். உள்ளே மக்னீசியக் கோல் ஒன்று தொங்கும், உவர் டாங்கை அரிக்காமல் தன்னை அரிக்கக் கொடுக்கும் கோல். கிணற்றுத் தண்ணீர் பாவிப்பவர்கள் வருடம் ஒருமுறை அதைக் கழற்றிப் பார்த்து, கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குழாயில் வரும் வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

வாளிக் கொயில் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. விலை குறைந்தது என்பதாலேயே வசதி குறைந்த வீடுகளுக்கு அதுதான் போகிறது. தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பதும், உலோக வாளியில் போடுவதும், பிள்ளைகள் ஓடித்திரியும் இடத்தில் வைப்பதும் உயிரோடு விளையாடுவதே. பிளக்கைக் கழற்றிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட இதைவிட நல்லது வீட்டிலிருக்கும் மின் கேத்தல். 1.7 லீற்றர் கேத்தல் ஒன்று கொதித்தால், பத்துப் பத்தரை லீற்றர் பச்சைத் தண்ணீரோடு கலந்து குழந்தைக்கு ஏற்ற 38 பாகைக்கு வரும். பேசினில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர், இந்த வரிசை மாறக் கூடாது. 60 பாகைத் தண்ணீர் வளர்ந்தவரின் தோலையே ஐந்து விநாடியில் வேகவைத்துவிடும், குழந்தைக்கு அவ்வளவு நேரமும் வேண்டாம். நகரத்திலிருந்து சில கிலோமீற்றரில் இருக்கும் கன்னியாவின் ஏழு கிணறுகளும் உடம்பு தாங்கும் 40 பாகையை ஒட்டியே ஊறுகின்றன, கிணற்றுக்குக் கிணறு சற்று வேறுபடும். ஹீட்டருக்கு அந்த எல்லை கிடையாது, நாம்தான் வைக்க வேண்டும்.

நிலாவெளி, உப்புவெளி விடுதிக்காரருக்கு ஒரு வார்த்தை. அங்கே சீசன் வைகாசியிலிருந்து புரட்டாதிவரை. மற்ற மாதங்களில் பூட்டிக்கிடக்கும் அறைகளின் டாங்கில் தண்ணீர் இளஞ்சூட்டில் தேங்கினால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடியவர்களைக் கொன்ற நிமோனியாவின் கிருமி அது. அறை திறக்கும்போது டாங்கை 60 பாகைக்கு மேல் சுடவைத்து, அந்தத் தண்ணீரை முழுக்க ஓடவிட்ட பிறகே விருந்தினரை விடுங்கள்.

மின்சாரப் பட்டியலையும் சொல்லாமல் விட முடியாது. 15 லீற்றரை ஒருமுறை 60 பாகைக்குச் சுடவைக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல் பிடிக்கும், மாதத்துக்கு 17 யூனிட். பெரிய தொகையல்ல என்று தோன்றும். மாதம் 50 யூனிட் எரிக்கும் வீடு இதனால் 60ஐத் தாண்டும், அங்கேதான் பிரச்சினை. 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்கே குறைந்த விலை போய்விடுகிறது, நிலைக் கட்டணமும் ஏறுகிறது. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் வந்த கட்டண உயர்வுகளுக்குப் பிறகு இந்தக் கோட்டைத் தாண்டுவது ஏழை வீட்டுக்குப் பலத்த அடி. இவ்வளவு வெயில் உள்ள மாவட்டத்தில், சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா எடுத்த மாவட்டத்தில், சூரிய வெப்ப நீர்க் கருவிக்குச் சாதாரண வீடுகளுக்குக் கடன் வசதி ஏன் பெரிதாக யோசிக்கப்படவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

என்னுடைய கோரிக்கை அதைவிடச் சிறியது. வெருகல் ஆறு பெருகி வெள்ளம் வந்துபோன வீடுகளில் பிளக் பேஸ்களுக்குள்ளும் மெயின் பெட்டிக்குள்ளும் சேறு காய்ந்து கிடக்கிறது. பரிசோதனை அந்த வீடுகளிலிருந்து தொடங்கட்டும். பிரதேச சபைகளும் மின்சார அலுவலகங்களும் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை, கச்சான் மாதங்களில், கிராமம் கிராமமாக ஏர்த் அளந்து ட்ரிப் சுவிட்ச் பரிசோதிக்க வேண்டும். என்.வி.கியூ. தொழில் தகைமைச் சான்றிதழ் பெற்ற நம் இளைஞர்களுக்கு அது வேலையாகவும் இருக்கும். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் போதும். வறிய குடும்பங்களுக்கு ட்ரிப் சுவிட்சை மானியத்தில் கொடுக்கலாம், சுவரும் கூரையும் கட்டக் கொடுத்த தொகையோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். ஹீட்டர் விற்கும் கடைக்காரர்களும் பூட்டிக் கொடுக்க ஆள் அனுப்புமுன் ஏர்த் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்கட்டும். இல்லையென்றால் விற்பனை ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இந்த மாரிக்கு ஹீட்டர் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிறகு சான்றிதழ் உள்ள மின்னியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு ஏர்த்தை அளக்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று சரியில்லை என்றால், ஹீட்டருக்கு ஒதுக்கிய காசில் முதலில் அதைச் செய்யுங்கள். ஹீட்டரை அடுத்த மாரிக்கு வாங்கலாம். அதுவரை கேத்தல் போதும்.